ஓட்டைகளால் வரைந்த நாய்

ஒரு ப்ளைவுட் துண்டு. கனம் 6 மில்லிமீட்டர். அதில் ஓட்டை போடலாம், வேறு எதுவும் செய்யக் கூடாது. வண்ணம் பூசக் கூடாது, உளியால் செதுக்கக் கூடாது, ஒரு கோடு கூட வரையக் கூடாது. இந்த நிபந்தனைகளோடு ஒரு நாயின் முகத்தைக் கொண்டுவர முடியுமா? முடியும். ஈரமான மூக்கு, மடிந்த காது, சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கும்போது கண்ணில் வரும் கெஞ்சல் எல்லாமே வந்துவிடும். மரத்தை எடுக்க எடுக்க நாய் தெரியத் தொடங்கும். பின்னால் ஒரு கறுப்புத் துணியை ஒட்டினால் ஓட்டைகள் நிழலாகிவிடும், மிச்சமிருக்கும் மரம் வெளிச்சமாகிவிடும்.

இதைச் செய்யும் கருவிக்கு ஸ்க்ரோல் சா என்று பெயர். மேசையின் நடுவே நூல் போன்ற மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி, வளைவு நெளிவுகளை வெட்டும் சிறு மின் ரம்பம் அது. ஹைதராபாத்தின் வடகிழக்கே உள்ள குஷாய்குடாவில் மரக்கிடங்குகளும் இரும்பைக் கடையும் சிறு பட்டறைகளும் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் ஈசிஐஎல் 1967-ல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். இந்தியாவின் ஆரம்பகாலக் கணினிகளைத் தயாரித்தது. மரம், இரும்பு, கணினி மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வட்டாரம். மரத்தில் நாயின் உருவப்படம் வெட்டும் வேலைக்கும் இந்த மூன்றுமே வேண்டும். கணினியிலிருந்து தொடங்குவோம்.

கைபேசியில் எடுத்த நாய்ப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால், ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் கிடைக்கும். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை, இடையில் சாம்பலின் 254 படிகள். மரத்தில் சாம்பல் கிடையாது. மரம் இருக்கும், அல்லது இருக்காது. எனவே நடுவில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மேலே உள்ள புள்ளிகளை எல்லாம் வெள்ளை என்றும் கீழே உள்ளவற்றைக் கறுப்பு என்றும் பிரிக்கிறார்கள். இந்த எண்ணுக்கு வரம்பு மதிப்பு என்று பெயர். 12 மெகாபிக்சல் படம் என்றால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளின் தலையெழுத்தை ஒரே ஓர் எண் தீர்மானிக்கிறது. அந்த எண்ணைக் கணினியே கண்டுபிடிக்கும் ஒரு வழியை 1979-ல் ஜப்பானின் நொபுயுகி ஒட்சு வெளியிட்டார். இருண்ட புள்ளிகள் ஒரு கூட்டம், வெளிறிய புள்ளிகள் ஒரு கூட்டம் என்று பிரித்து, இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று அதிகபட்சம் விலகி நிற்கும் இடத்தில் கோடு போடுவதே அவர் முறை. பட ஆய்வு மென்பொருள்களில் இன்றும் அது பயன்படுகிறது.

ஆனால் நாய்கள் ஒட்சுவுக்கு அடங்குவதில்லை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது: ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமாலய ஆட்டு நாய். மரம் வெட்டுபவரின் கண்ணால் பார்த்தால் நான்கும் நான்கு விதமான சிக்கல். ராஜபாளையம் நாய் உடல் முழுக்க வெள்ளை, மூக்கு கூட இளஞ்சிவப்பு. வரம்பைக் கொஞ்சம் இறக்கினால் முகமே காணாமல் போய் இரண்டு கண்கள் மட்டும் மிஞ்சும். அடர்ந்த கறுப்பு உரோமம் கொண்ட இமாலய நாயிடம் இது தலைகீழ்: கறுப்பு என்றால் ஓட்டை, எனவே முழு நாயும் ஒரே பெரிய ஓட்டையாகிவிடும். ராம்பூர் நாயின் சாம்பல் நிறம் சரியாக நடுவில் நிற்பதால், வரம்பை நூலளவு நகர்த்தினாலே பாதி முகம் கட்சி மாறும். ஒல்லி உடலில் எலும்பும் தசையும் எடுப்பாகத் தெரியும் முதோல் நாய்தான் கொஞ்சம் கருணை காட்டும்.

இதற்கான மருந்து வெட்டும் மேசையில் இல்லை, படம் எடுக்கும் இடத்தில் இருக்கிறது. நேரே முகத்தில் அடிக்கும் வெளிச்சம் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். ஜன்னலோரம் பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் வெள்ளை நாய்க்கும் கன்னத்தில் நிழல் விழும். கறுப்பு நாயின் உரோமம் மினுங்கும் இடங்களில் வெள்ளைக் கீற்றுகள் கிடைக்கும். பிறகு கண்ணுக்கு ஒரு வரம்பு, காதுக்கு ஒரு வரம்பு, கழுத்துக்கு ஒன்று என்று பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். வெள்ளை நாய் என்றால் நாயை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள பின்னணியை வெட்டி எடுப்பதும் உண்டு. அப்போது இருட்டின் நடுவே நாய் தானாக எழுந்து நிற்கும்.

இவ்வளவு விவரத்தைத் தூக்கி எறிந்த பிறகும் நமக்கு எப்படி நாய் தெரிகிறது? 1957-ல் கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் கிரெய்க் மூனி, வெறும் கறுப்பு வெள்ளைத் திட்டுகளால் ஆன முகப் படங்களைக் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் காட்டிச் சோதித்தார். அவற்றில் மூக்குக்கு எல்லைக் கோடு இல்லை, உதட்டுக்கு வடிவம் இல்லை. ஆனாலும் பார்ப்பவர்கள் முகத்தைக் கண்டுபிடித்தார்கள். கோடு இல்லாத இடத்தில் மூளையே கோடு போட்டுக்கொள்கிறது. மூனியின் பெயரால் அழைக்கப்படும் அந்த முகங்கள் இன்றும் பார்வை ஆய்வுகளில் பயன்படுகின்றன. அவற்றைத் தலைகீழாகத் திருப்பினால் அடையாளம் காண்பது மிகவும் கடினமாகிவிடும். முகம் என்று தெரிந்தால்தான் திட்டுகளுக்குப் பொருள் வருகிறது என்பதற்கு அது சான்று.

உலகப் புகழ்பெற்ற இன்னொரு படத்தில் நாயே கதாநாயகன். உதிர்ந்த இலைகள் கிடக்கும் தரையை ஒரு டால்மேஷன் நாய் முகர்ந்துகொண்டு போகிறது. ஆர். சி. ஜேம்ஸ் எடுத்த அந்தப் புகைப்படத்தைப் பிரிட்டன் உளவியலாளர் ரிச்சர்டு கிரிகரி 1970-ல் வெளியான தன் நூலில் பயன்படுத்தினார். முதல் பார்வைக்குக் கறுப்புப் புள்ளிகளின் சிதறல் தவிர எதுவும் தெரியாது. நாய் இருக்கிறது என்று யாராவது சொன்னதும் சட்டென்று தலை, காது, முன்னங்கால் எல்லாம் வந்து நிற்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு பார்க்காமல் இருக்கவே முடியாது. மரத்தில் உருவப்படம் வெட்டுபவர் நம்பியிருப்பது இந்தக் குணத்தைத்தான். பாதி வேலையை ரம்பம் செய்யும், மீதியைப் பார்ப்பவரின் மூளை செய்துகொள்ளும்.

காகிதத்தில் அச்சடிப்பதாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். மரத்துக்கு ஒரு கூடுதல் சட்டம் உண்டு: எந்த வெள்ளைப் பகுதியும் அந்தரத்தில் நிற்க முடியாது. கறுப்பு முழுவதும் சூழ்ந்த ஒரு வெள்ளைத் திட்டு இருந்தால், சுற்றியுள்ள கறுப்பை வெட்டியதும் அது கீழே விழுந்துவிடும். இப்படித் தனித்து நிற்கும் திட்டைத் தீவு என்பார்கள். சரக்குப் பெட்டிகளில் தகட்டு அச்சு வைத்து அடித்த 8-ஐப் பார்த்திருப்பீர்கள். வளையம் முழுதாக மூடாமல் ஆங்காங்கே இடைவெளி இருக்கும். வளையத்துக்குள் இருக்கும் தகடு விழாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இணைப்புதான் அந்த இடைவெளி. அந்த இணைப்புக்குப் பாலம் என்று பெயர். ஓர் எண்ணுக்கு இரண்டு மூன்று பாலம் போதும். ஒரு நாயின் முகத்துக்கு எத்தனை வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தீவுகளைக் கண்டுபிடிக்க ஓர் எளிய தந்திரம் இருக்கிறது. எந்த ஓவிய மென்பொருளிலும் பெயின்ட் வாளி என்றொரு கருவி உண்டு. படத்தின் வெளிச்சட்டத்தில் அந்த வாளியை வைத்து ஒரு நிறத்தை ஊற்றினால், இணைந்திருக்கும் வெள்ளை முழுக்க அது பரவும். நிறம் எட்டாத வெள்ளை எல்லாம் தீவு. இணைப்பைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு, அளவையும் வடிவத்தையும் மறந்துவிடும் கணிதப் பிரிவுக்கு இடவியல் என்று பெயர். ஒரு நாயின் கன்னத்தை வெட்டுவதற்கு முன் செய்யும் இந்தச் சோதனை சுத்தமான இடவியல்.

எல்லாத் தீவுகளிலும் முக்கியமானது கண்ணில் மின்னும் வெளிச்சப் புள்ளி. ஓர் அரிசியை விடச் சிறியதாக இருக்கும். ஆனால் அது இல்லாவிட்டால் நாய்க்கு உயிர் இருக்காது, கண் இரண்டும் வெறும் பொந்தாகத் தெரியும். அந்தப் புள்ளியைச் சுற்றி நான்கு புறமும் கருவிழியின் கறுப்பு. எங்கிருந்து பாலம் போடுவது? நாயின் விழியில் வெளிச்சம் பெரும்பாலும் மேற்புறத்தில்தான் பிரதிபலிக்கும். எனவே மேல் இமையிலிருந்து ஒரு மெல்லிய மரக்காம்பை இறக்கி, அதன் நுனியில் புள்ளியைத் தொங்கவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு அது இமையின் மினுமினுப்பு. உண்மையில் அது தாங்கிப் பிடிக்கும் உத்திரம்.

மனித முகத்தை விட நாயின் முகம் இந்த இடத்தில் வசதியானது. மனிதக் கன்னத்தில் பாலம் போட்டால் தழும்பு மாதிரித் தெரியும். நாய்க்கு உரோமம் இருக்கிறது. உரோமம் வளரும் திசையிலேயே பாலத்தைச் சாய்த்துவிட்டால், அது இன்னொரு மயிர்க்கற்றையாகிவிடும். மூக்கிலிருந்து நெற்றிக்கு மேல்நோக்கி, கன்னத்தில் பின்நோக்கி, மார்பில் கீழ்நோக்கி என்று உரோமத்தின் திசை இடத்துக்கு இடம் மாறும். அந்த வரைபடம் தெரிந்தவர் எத்தனை பாலம் வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். முன்னே அகலமாகத் தொடங்கி முனை கூர்ந்து முடியும் ஒவ்வொரு வெட்டும் ஒரு மயிர்க்கற்றை. இரண்டு வெட்டுகளுக்கு இடையே மிஞ்சும் மரம் இன்னொரு கற்றை. இரண்டில் எது உரோமம், எது பாலம் என்று பார்ப்பவர் கேட்பதே இல்லை.

கோட்டுப்படம் தயார். அதை அச்சடித்து, பிறகு சுலபமாக உரிக்கக்கூடிய பசையால் பலகையின் மேல் ஒட்டியாகிவிட்டது. இனி இரும்பின் முறை. ஸ்க்ரோல் சாவில் ரம்பம் நகராது, மரம்தான் நகரும். பிளேடு ஒரே இடத்தில் நின்று ஏறி இறங்க, இரண்டு கைகளாலும் பலகையைத் தள்ளி, திருப்பி, சுழற்றிக் கோட்டைப் பிளேடுக்கு ஊட்ட வேண்டும். பேனாவை அசையாமல் பிடித்துக்கொண்டு காகிதத்தை நகர்த்திக் கையெழுத்துப் போட்டுப் பாருங்கள், இந்தத் திறமையின் அருமை புரியும்.

இயந்திரத்தின் வேகத்தைக் கேட்டால் மலைப்பாக இருக்கும்: நிமிடத்துக்கு 400 முதல் 1,800 ஏற்ற இறக்கங்கள் வரை. ஒவ்வொரு முறையும் பிளேடு பயணிக்கும் உயரம் சுமார் 19 மி.மீ. 1,400 என்று வைத்துக் கணக்கிட்டால், போகவும் வரவும் சேர்த்து நிமிடத்துக்கு 53 மீட்டர், மணிக்கு சுமார் 3.2 கிலோமீட்டர். காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருபவரின் வேகம் அது. இரைச்சலும் அதிர்வும் ஏமாற்றுகின்றன, பல் மரத்தைக் கடந்து போவது நடைவேகத்தில்தான். தச்சுப் பட்டறையின் மற்ற மின் ரம்பங்களோடு ஒப்பிட்டால் இது சாது என்று பெயர் எடுத்ததற்கு இது ஒரு காரணம்.

நடைவேகம்தான், ஆனால் நொடிக்கு 23 முறை நின்று திரும்பி நடக்கும் வேகம். மேலே போய்ச் சட்டென்று நின்று, கீழே பாய்ந்து, மறுபடி நிற்க வேண்டும். திரும்பும் கணங்களில் பிளேடும் அதைப் பிடித்திருக்கும் இயந்திரக் கைகளின் நுனியும் உணரும் முடுக்கம் புவியீர்ப்பின் சுமார் 20 மடங்கு. ராக்கெட்டில் கிளம்பும் விண்வெளி வீரர்கள் உணர்வது மூன்று நான்கு மடங்குதான். பாகங்கள் ஏன் இலேசாக இருக்க வேண்டும், மேசைக்கு ஏன் கனத்த இரும்பு வேண்டும் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

இத்தனை குலுக்கலிலும் பிளேடு நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் பலகையின் மேற்புறத்தில் ஒரு கோடும் அடிப்புறத்தில் இன்னொரு கோடும் விழும். இதற்குப் பொறியாளர்கள் பள்ளிக்கூட வடிவியலில் இருந்தே விடை எடுத்தார்கள். மேலே ஒரு நீண்ட கை, கீழே அதே நீளத்தில் இன்னொரு கை. முன்னால் இரண்டையும் இணைப்பது பிளேடு, பின்னால் இணைப்பது ஒரு திருகு. நான்கும் சேர்ந்தால் இணைகரம். இணைகரத்தை எவ்வளவு சாய்த்தாலும் எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாகவே இருக்கும். இரு கைகளின் சுழற்சி அச்சுகளும் பின்னால் செங்குத்தாக அமைந்திருப்பதால், முன்னால் இருக்கும் பிளேடும் செங்குத்தாகவே இருந்தாக வேண்டும். பின்புறத் திருகை இறுக்கினால் முன்புறப் பிளேடு இழுபடும். கை ஏறினாலும் இறங்கினாலும் அந்த இழுவிசை ஏறக்குறைய மாறாது. பழைய இயந்திரங்களில் பிளேடின் மேல்முனையைச் சுருள்வில் பிடித்திருந்தது. கை அசைய அசைய இழுவிசை கூடிக் குறைந்து பிளேடுகள் ஓயாமல் முறிந்தன.

அந்தப் பிளேடை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உருவப்படத்துக்குப் பயன்படும் 2-ஆம் எண் பிளேடின் நீளம் 5 அங்குலம், அகலம் முக்கால் மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, கனம் சுமார் 0.3 மி.மீ. நான்கு பிளேடுகளை ஒன்றாகச் சேர்த்தாலும் குறுக்குவெட்டு ஒரு சதுர மி.மீ. ஆகாது. சரியாக இறுக்கியிருக்கிறதா என்று பார்க்க அனுபவசாலிகள் அதை விரலால் மீட்டுகிறார்கள். தொய்வாக இருந்தால் மந்தமான ஒலி, இறுகியிருந்தால் தெளிவான சுரம். இழுவிசை இரட்டிப்பானால் சுருதி ஏறக்குறைய ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்யமத்துக்கு ஏறும், நான்கு மடங்கானால் மேல் ஷட்ஜத்தைத் தொடும். வீணைக் கம்பியை ஆளும் விதியேதான் இங்கும்.

அங்குலத்துக்கு 20 பற்கள். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சுமார் 15 பற்கள் மரத்தைத் தொட்டுப் போகும். நிமிடத்துக்கு 1,000 முறை ஓடும் பிளேடில் ஒரு நிமிடத்தில் 10 செ.மீ. வெட்டினால், ஒவ்வொரு பல்லும் எடுக்கும் சீவல் 7 மைக்ரான், அதாவது தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பற்களின் அமைப்பிலும் சூட்சுமம் இருக்கிறது. சில வகைகளில் ஒரு பல் விட்டு ஒரு பல் இருக்கும். அந்த இடைவெளி தூளை அள்ளி வெளியேற்றும், சூட்டையும் குறைக்கும். கீழ்நோக்கி வெட்டும் பற்கள் பலகையின் அடிப்புறத்தில் சிலாம்பு கிளப்பும் என்பதால், இன்னொரு வகையில் அடியில் உள்ள சில பற்களை மட்டும் மேல்நோக்கித் திருப்பி வைத்திருப்பார்கள். அவை மேலேறும்போது அடிப்புறத்தைச் சீவிச் சுத்தப்படுத்திவிடும்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது முறுக்குப் பிளேடு. தட்டையான பிளேடைத் திருகித் திருகிச் சுருளாக்கியிருப்பார்கள். பற்கள் எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டிருப்பதால் முன்னே, பின்னே, பக்கவாட்டில் எங்கு தள்ளினாலும் வெட்டும். பலகையைச் சுழற்றவே வேண்டாம். பெரிய பலகையைச் சுழற்றும்போது அதன் மூலை இயந்திரத்தின் பின்பகுதியில் இடிக்கும் தொல்லை இதில் இல்லை. விலை என்னவென்றால், வெட்டு கொஞ்சம் அகலமாகும், கோடு சிறிது சொரசொரப்பாகும். உரோமத்துக்கு அந்தச் சொரசொரப்பு வரம்.

தட்டைப் பிளேடுக்கும் ஒரு கோணல் புத்தி உண்டு. தகட்டில் பல்லை அச்சு வைத்து அடிக்கும்போது ஒரு பக்கத்தில் மட்டும் நுண்ணிய பிசிறு எழும். பிசிறு உள்ள பக்கம் வேகமாக வெட்டுவதால், நேராகத் தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கமாக நழுவும். எனவே நேர்கோடு வேண்டுமென்றால் பலகையைச் சில டிகிரி சாய்வாகத் தள்ள வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் தங்கள் கை நடுங்குவதாக நினைத்துக்கொள்வார்கள். குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிறுதான்.

முகத்தின் நடுவில் இருக்கும் ஓட்டைக்குள் பிளேடு எப்படிப் போகும்? ஒவ்வொரு கறுப்புத் திட்டுக்குள்ளும் முதலில் ஊசித்துளை ஒன்று போட வேண்டும். பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளை வழியே கோத்து, மறுபடி பூட்டி, இறுக்கி, வெட்டி, மறுபடி கழற்ற வேண்டும். 200 ஓட்டைகள் கொண்ட படத்தில் கோப்பதற்கு மட்டும் தலா ஒரு நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஓர் இழை கூட வெட்டியிருக்க மாட்டோம். எதை முதலில் வெட்டுவது என்பதும் யோசிக்க வேண்டியது. கண்ணும் மூக்கும் முதலில், பெரிய நிழல்கள் கடைசியில். சுற்றிலும் முழுப் பலகை உறுதியாகப் பிடித்திருக்கும்போதே நுண்வேலைகளை முடித்துவிட வேண்டும். பெரிய ஓட்டைகளைப் போட்ட பிறகு பலகை துவண்டு, பிளேடோடு சேர்ந்து ஆடத் தொடங்கிவிடும்.

இனி மரம். ஒரே மரத்துண்டில் இழைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும். இழையோட்டத்தின் நீளத்தில் இழுத்தால் மரம் மிக உறுதியானது. குறுக்கே இழுத்தால் அந்த உறுதியில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. ஒரு மி.மீ. அகலமுள்ள பாலம் இழைக்குக் குறுக்கே அமைந்துவிட்டால் தும்மினாலே போய்விடும். ப்ளைவுட் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. மெல்லிய மரத்தாள்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக அடுக்கி ஒட்டியிருப்பதால், பாலம் எந்தத் திசையில் போனாலும் சில அடுக்குகளாவது அதன் நீளவாக்கில் ஓடும். அடுக்கு கூடக் கூட நல்லது. நடுவே பொந்து இல்லாத பலகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஈரப்பதம் அடுத்த எதிரி. ஹைதராபாத்தில் ஏப்ரல் மாதக் காற்று உதட்டை வெடிக்கவைக்கும், ஆகஸ்ட் மாதக் காற்று அலமாரிக் கதவை இறுக்கிவிடும். நல்ல தேக்கிலேயே 30 செ.மீ. அகலப் பலகையின் ஈரம் 5 சதவீதம் கூடினால் குறுக்குவாக்கில் 3 மி.மீ. அளவுக்கு விரியும். பாலத்தின் அகலமோ ஒரு மி.மீ. ஒரு மழைக்காலமே நாயின் மீசையை நெரித்துவிடும். ப்ளைவுட்டில் ஒவ்வோர் அடுக்கும் அடுத்த அடுக்கின் விரிவைத் தடுத்துப் பிடித்துக்கொள்வதால் அசைவு மிகக் குறைவு.

உராய்வால் வரும் சூடு வெட்டின் ஓரத்தைக் கருக்கும். இதற்கு இந்தக் கைவினையாளர்கள் கண்டுபிடித்த வைத்தியம், அட்டைப்பெட்டி ஒட்டும் வழவழப்பான பிளாஸ்டிக் டேப். படத்தின் மேல் அதை ஒட்டிவிட்டு வெட்டினால் கருகல் குறைகிறது. இன்னொரு எச்சரிக்கை தூள் பற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. மூக்குக்கு நல்ல முகக்கவசம், காற்றோட்டமான இடம் இரண்டும் இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது.

மீசைக்கு ஓட்டை வேண்டாம், ஒற்றை வெட்டே போதும். பிளேடு ஒருமுறை போய் வந்த தடம், அதாவது வெட்டுத்தடம், அரை மி.மீ. கூட இருக்காது. ஆனால் அது மரத்தின் மேல் மை போட்டு இழுத்த கோடு மாதிரிக் கருகருவென்று தெரியும். காரணம் ஆழம். தடத்தின் அகலம் 0.4 மி.மீ., பலகையின் கனம் 6 மி.மீ. என்றால் அது அகலத்தைப் போல் 15 மடங்கு ஆழமான பள்ளம். உள்ளே நுழையும் ஒளி இரு சுவர்களிலும் மோதி மோதித் தேய்ந்துபோகும், திரும்பி வருவது மிகச் சொற்பம். ஒளி நுழைந்து திரும்பாத குழிதான் இயற்கையில் உள்ள நல்ல கறுப்பு. இயற்பியலாளர்கள் கரும்பொருளை விளக்குவதும் இப்படி ஒரு சிறு துளையை வைத்துத்தான்.

மரத்தில் படம் காட்டும் இந்த யோசனை நம் நாட்டுக்குப் புதிதில்லை. மைசூரின் ஈட்டிமரப் பதிப்பு வேலை புவிசார் குறியீடு பெற்ற கைவினை. யானை, மயில், கிராமக் காட்சி எல்லாம் வெவ்வேறு மரங்களின் இயற்கை நிறத்தால் மட்டுமே வரும். பலாவின் மஞ்சள், கருங்காலியின் கறுப்பு, இன்னும் பல மரங்களின் வெளிறலும் சிவப்பும் அந்தக் கலைஞர்களின் வண்ணப்பெட்டி. வில் போன்ற சட்டத்தில் மெல்லிய பிளேடு பூட்டிய கைரம்பத்தால் துண்டுகளை வெட்டி, ஈட்டிமரத்தில் அதே வடிவத்துக்குக் குழி எடுத்துப் பதிக்கிறார்கள். 1912-ல் கட்டி முடித்த மைசூர் அரண்மனையின் அம்பா விலாச மண்டபத்துக் கதவில் ஈட்டிமரத்தின் மேல் யானைத் தந்தம் பதித்த வேலையை இன்றும் பார்க்கலாம். இந்திய யானைத் தந்த வணிகத்தை 1986-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத் திருத்தம் தடைசெய்த பிறகு, வெள்ளைக்கும் மற்ற பொருள்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

பதிப்பு வேலைக்குத் தீவுப் பிரச்சினை இல்லை, ஒவ்வொரு துண்டையும் அடியில் உள்ள மரம் தாங்குகிறது. அதற்கு வேறொரு தொல்லை: துண்டை வெட்டும்போது வெட்டுத்தடத்தின் அகலம் தூளாகப் போய்விடுகிறது. அப்படியானால் துண்டுக்கும் குழிக்கும் இடையே அந்த அளவு இடைவெளி விழவேண்டுமே? ஸ்க்ரோல் சாவில் இதற்கு ஒரு மாயவித்தை உண்டு. இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேசையைச் சற்றே சாய்த்து இரண்டையும் சேர்த்து வெட்டுகிறார்கள். ஓரம் சாய்வாக விழுவதால் கீழ்ப் பலகையின் துண்டு மேல் பலகையின் குழியை விட மயிரிழை பெரிதாக அமையும். அதை மேலே ஏற்றினால் அடைப்பான் மாதிரிச் சிக்கென்று பொருந்தும். 3 மி.மீ. பலகைக்கும் 0.3 மி.மீ. தடத்துக்கும் தேவையான சாய்வு 6 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. தூளாகிப் போன மரத்தைக் கோணம் ஈடுகட்டிவிடுகிறது!

இந்த மெல்லிய பிளேடின் வம்சம் உலகமெங்கும் கிளை விட்டிருக்கிறது. 1760-களில் லண்டனின் ஜான் ஸ்பில்ஸ்பரி, மரப்பலகையில் ஒட்டிய தேசப்படங்களை நாடு நாடாக வெட்டிக் குழந்தைகளுக்குப் புவியியல் கற்க விற்றார். இன்றைய ஜிக்சா புதிரின் தாத்தா அது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ராக்போர்டு நகரத்து பார்ன்ஸ் நிறுவனம் காலால் மிதித்து இயக்கும் ஸ்க்ரோல் சாக்களைச் செய்தது; மின்சாரம் எட்டாத வீடுகளிலும் கூரை விளிம்புகளுக்கு மரப்பின்னல் பூத்தது. மிதி போய் மோட்டார் வந்தது, சுருள்வில் போய் இணைகரம் வந்தது, கைவரைபடம் போய் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் வந்தன. இப்போது லேசர் இயந்திரம் இதே படத்தைச் சில நிமிடங்களில் எரித்து வெட்டிவிடும். ஆனால் லேசருக்கும் தீவு விழத்தான் செய்யும். எதை விட்டுவைப்பது, எங்கே பாலத்தை ஒளிப்பது என்ற கேள்வி எந்த இயந்திரத்துக்கும் முன்னால் வந்து நிற்கிறது.

அந்தக் கேள்வியை இன்றே உங்கள் கைபேசியில் கேட்டுப் பார்க்கலாம். வீட்டு நாயோ தெரு நாயோ, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். நிறத்தை நீக்கி, மாறுபாட்டை உச்சத்துக்கு ஏற்றுங்கள். சாம்பல் மறைந்து கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சியதும் தீவுகளை எண்ணத் தொடங்குங்கள். பத்தாவது தீவுக்கு உரோமத்தின் திசையில் ஒரு பாலத்தை யோசிக்கும்போது, மரமே வாங்காமல் இந்தக் கைவினையின் கடினமான பாதியைச் செய்துகொண்டிருப்பீர்கள்.